செம்மண் நிறத்து நகரம்

தென்னாட்டிலிருந்து உறவினர் வந்திறங்கியதும் முதலில் கேட்பது தாஜ்மகால், அடுத்தது, "அந்த ரோஸ் கலர் ஊர் எங்கே?" ஜெய்ப்பூர் என்னும் பெயரை மறந்தவர்க்கும் நிறம் மறப்பதில்லை. ஓர் ஊருக்கு இதனினும் வலிய விளம்பரம் உண்டோ? சென்ற தை மாதத்தில் நம் சங்கத்துக் குடும்பங்கள் சில தில்லியிலிருந்து அவ்வூரைக் காணச் சென்றோம்.

சாங்கானேரி வாயிலுள் நுழைந்ததும் சிறுவர் முகம் வாடிற்று. "இது ரோஸ் இல்லையே!" மெய்தான். நம் பெண்மணிகள் கோலத்தைச் சுற்றி இழைக்கும் செம்மண்ணின் நிறமே அது. 1876-இல் இங்கிலாந்தின் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரானவர், வருகை தந்தபோது மகாராஜா இரண்டாம் ராம்சிங் நகருக்கு இவ்வண்ணம் பூசச் செய்தார் என்பர். விருந்தினர் சென்றுவிட்டார், வண்ணம் தங்கிவிட்டது. கடைப்பலகைகளும் பெரும்பாலும் வெள்ளையில் கறுப்பெழுத்தாய் ஒரே சீராக நிற்கின்றன. நம் ஊர்க் கடைவீதிகளை நினைத்துச் சற்றே பொறாமை கொண்டோம்.

ஆயினும் வண்ணத்தைக் காட்டிலும் ஊர் 149 ஆண்டு மூத்தது. 1727-இல் சவாய் ஜெய்சிங் மன்னர் இந்நகரைத் தோற்றுவித்தபோது வங்காளத்தவரான வித்யாதர் பட்டாசார்யா உடனிருந்து, அகன்ற நேர்வீதிகளால் அதனைச் சதுரம் சதுரமாக வகுத்தார். பொன்வணிகர்க்கு ஒரு வீதி, வளையற்காரர்க்கு ஒரு தெரு, கற்சிற்பியர்க்கு ஒரு தெரு எனத் தொழில்கள் குடியேறின. 2019-இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது சிறப்பித்துச் சொன்னவற்றுள் இவ்வமைப்பும் இக்கைத்தொழில்களும் உண்டு. ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பதோ பூச்சுதான்!

திரிபோலியா பஜாரிலிருந்து மணிஹாரோன் கா ராஸ்தா என்னும் வளையற்காரர் தெருவில் திரும்பினோம். உள்ளே செல்லச் செல்லச் செம்மண் நிறம் மங்கிக் காரை பெயர்ந்த சுவர்கள் தென்பட்டன. கரியடுப்பின் முன் அமர்ந்திருந்த அம்மையார் ஒருவர் அரக்கை இளக்கி, உருட்டி நீட்டி, நம்முடன் வந்த சிறுமியின் கையளவு பார்த்து வளைத்து, சூடு ஆறுமுன் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்தார். சில நிமிடங்களில் வளையல் ஆயிற்று. "ஹவா மகாலின் முன் படம் எடுத்துக்கொண்டு பலர் திரும்பிவிடுகிறார்கள், இவ்வளவு தூரம் வருவோர் குறைவு" என்றார், வருத்தமாக அன்று, கணக்குச் சொல்பவர் போல. தம் மகள் இத்தொழிலுக்கு வரவில்லை என்றும் சொன்னார். சுவர் வெளுத்தால் மறுபூச்சுக்கு ஆள் கிடைக்கும். இந்தக் கைக்கு?

ஒரு டஜன் வாங்கினோம். அவர் தந்த அட்டைப்பெட்டியின்மேல் ஹவா மகாலின் படம், சிறுவர் எதிர்பார்த்த அதே ரோஜா நிறத்தில்! தெருவின் பெயர் எங்கும் காணோம். கேட்டுக்கொண்டதன் பேரில், பெட்டியின் அடியில் அதனை இந்தியில் எழுதித் தந்தார்.