ஐந்தடிக்கு ஏழடி

கூடத்தைப் பற்றியும் முற்றத்தைப் பற்றியும் பேச நம்மிடம் சொற்கள் நிறைய உண்டு. குளியலறை என்றதும் குரல் தாழ்ந்துவிடுகிறது. வீடு கட்டும்போதும் அப்படித்தான். பூஜையறைக்குத் திசை பார்ப்போம், சமையல் மேடைக்கு நாலு கடை ஏறி இறங்கிக் கருங்கல் தேர்ந்தெடுப்போம். மிஞ்சிய மூலையும் மிஞ்சிய பணமும் குளியலறைக்குப் போகும்.

நங்கநல்லூரில் 1978இல் என் தந்தை கட்டிய வீட்டிலும் அதுதான் நடந்தது. பின்கட்டு மூலையில் ஐந்தடிக்கு ஏழடி. சிவப்பு ஆக்சைடு பூசிய வழவழப்பான தரை, இரண்டரை அடி அகலக் கதவு, கடந்து இறங்க ஒரு வாசற்படி, குத்தவைத்து உட்காரும் பீங்கான். 40 ஆண்டுகளுக்கு மேல் அதை யாரும் குறை சொன்னதில்லை. அம்மாவுக்கு எண்பது வயதாகி, முழங்கால் மடங்க மறுத்த பிறகுதான் நாங்கள் அந்த அறையை உற்றுப் பார்த்தோம். வீட்டிலேயே ஈரமான, வழுக்கலான, பிடிமானமற்ற இடத்துக்குத்தான் முதியவர் ஒருவர் நாளுக்குப் பத்து முறை தனியாகப் போய் வருகிறார்.

குளியலறையைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் முதலில் ஓடுவது டைல்ஸ் கடைக்கு. அது கடைசியில் போக வேண்டிய இடம் என்பது என் எண்ணம். முதற்கேள்வி, அங்கே குளிக்கப் போவது யார், எப்படிக் குளிப்பார் என்பது. கடைக்காரர் காட்டும் கண்ணாடித் தடுப்பும் மேலிருந்து கொட்டும் ஷவரும் அம்மாவுக்கு எதற்கு? அவர் மணையில் அமர்ந்து, வாளியிலிருந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்பவர். அவருக்கு வேண்டியது இரண்டே. சுவரோரமாக நாற்காலி உயரத்தில் ஒரு திண்ணை. அதன் பக்கத்தில் குனியாமல் மொள்ளும்படி வாளி வைக்க ஒரு சிறு மேடை. மேடைக்கு நேர் மேலே குழாய். சிமெண்டும் செங்கல்லும் கொஞ்சம் போதும். எந்த விற்பனைப் பட்டியலிலும் இது கிடையாது.

இரண்டாவது விஷயம், கண்ணுக்குத் தெரியாதவை. "டைல்ஸ் சட்டை மாதிரி சார். உடம்பு உள்ள இருக்கு" என்றார் எங்கள் மேஸ்திரி. தரையை உடைத்தபோது அவர் சொன்னது விளங்கிற்று. பழைய இரும்புக் குழாய்கள் உப்புநீரில் உள்ளுக்குள் அடைத்து, விரல்கூட நுழையாத துளையாகச் சுருங்கியிருந்தன. இத்தகைய குழாய்களின் மேல் புது டைல்ஸ் பதித்தால், அடுத்த கசிவுக்கு அத்தனையையும் மறுபடி உடைக்க வேண்டியதுதான். குழாய்களை மாற்றிவிடுவதே சிக்கனம். வெந்நீருக்கு அதற்கென்றே உள்ள சிபிவிசி குழாய் போட வேண்டும். சாதாரண பிவிசி சூட்டில் தளர்ந்துவிடும். பூசி மூடுமுன் குழாய்களில் அழுத்தம் ஏற்றிச் சில மணி நேரம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தச் சுவரில் எந்தக் குழாய் போகிறது என்பதை, அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஓர் ஆணி அடிக்கும்போது அதன் அருமை தெரியும். எங்களுடையதைப் போலச் செங்கற்சுவரே பாரம் தாங்கும் பழைய வீடுகளில், குழாய்க்காகச் சுவரைக் கிடைமட்டமாக நீளத்துக்கு வெட்ட விடக்கூடாது.

பிறகு நீர்க்காப்பு. தரை முழுவதும், சுவரில் ஓரடி உயரம் வரையிலும், தண்ணீர் தெறிக்கும் பக்கத்தில் ஆளுயரத்துக்கும் பூச்சு ஏற வேண்டும். அது காய்ந்ததும் கழிவுத் துளையை அடைத்து, தரையில் ஓரிரு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள், இயன்றால் இரண்டு நாள், காத்திருக்க வேண்டும். வேலை தடைப்படுகிறதே என்று எல்லாரும் முணுமுணுப்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் இதில் துளியும் விட்டுக்கொடுக்கலாகாது. அங்கே குளியலறைத் தளத்தைத் தாழ்வாக அமைத்துச் செங்கல் ஜல்லியால் நிரப்பியிருப்பார்கள். அந்த நிரப்பில் ஊறிய நீர் கீழ்வீட்டுக் கூரையில் கறையாக இறங்கும்; அதன் பின் மாடிப்படியில் எதிர்ப்படும்போது இரு வீட்டாரும் முகம் திருப்பிக்கொள்வார்கள்.

வாட்டம் அடுத்தது. அடிக்குக் கால் அங்குலம் வரை கழிவுத் துளையை நோக்கித் தரை சரிய வேண்டும். டைல்ஸ் ஒட்டிய மறுநாள் ஒரு குவளைத் தண்ணீரை மூலையில் ஊற்றிப் பாருங்கள். எங்கும் தேங்காமல் ஓடினால் கூலி கொடுக்கலாம். துளைக்கடியில் பிளம்பர்கள் 'நானி டிராப்' என்னும் கிண்ணம் இருக்கும். அதில் எப்போதும் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடையைத் தடுக்கும் கதவு. நெடுநாள் பூட்டிக் கிடக்கும் வீட்டில் நாற்றம் வருவது அந்த நீர் வற்றுவதால்தான்.

மின்சாரத்தில் சிக்கனம் கூடாது. கீசருக்குத் தனி இணைப்பு, முறையான எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஆகிய மூன்றும் கட்டாயம். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் வைக்கவே கூடாது. மூடிய அறையில் மணமற்ற கார்பன் மோனாக்சைடு சேர்ந்து ஆளைக் கொன்றுவிடும்.

இத்தனைக்கும் பிறகு டைல்ஸ். தரைக்குப் பளபளப்பு வேண்டாம். சொரசொரப்பானதை ஈரக்காலால் மிதித்துப் பார்த்து வாங்குங்கள். மேற்கத்தியப் பீங்கான் வாங்குமுன் சுவருக்கும் கழிவுத் துளையின் நடுவுக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். முதியவர்களுக்கு 17 முதல் 19 அங்குல உயரத்தில் அமரும் இடம் இருந்தால் எழுவது எளிது. பிடிகம்பி சுவருக்குள் இறங்கும் திருகாணியில் நிற்க வேண்டும். உறிஞ்சி ஒட்டும் வகையை நம்பி உடற்பாரத்தைத் தரலாகாது. வாசற்படியை எடுத்துவிட்டு மூன்றடி அகல வாசல் வைத்தோம். நாளை சக்கர நாற்காலி வந்தாலும் நுழையும்.

வேலை மூன்று வாரம் நீண்டது. ஒரே குளியலறை உள்ள வீட்டில் இதற்கும் முன்னேற்பாடு வேண்டும். அம்மா அக்கா வீட்டில் இருந்தார். ஒருவருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்பவர், அங்கே குளிக்கப் போகும்போதெல்லாம் அக்கா கதவருகில் நின்றதை எங்களிடம் ஒரு புகாராகவே சொன்னார்.

கதவைப் பற்றித்தான் கடைசி விவாதம். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்புறம் திறக்கும் கதவை அவர் உடலே தடுத்துவிடும். ஆகவே வெளிப்புறம் திறக்க வைத்தோம். தாழ்ப்பாளே வேண்டாம் என்றேன். அம்மா ஒப்பவில்லை.

"தாப்பா இல்லாம எப்படிடா குளிக்கறது? நான் என்ன குழந்தையா?"

மேஸ்திரிதான் வழி சொன்னார். உள்ளிருந்து பூட்டலாம், ஆபத்தென்றால் வெளியிலிருந்து நாணயத்தைச் செருகித் திருப்பினால் திறந்துகொள்ளும். அத்தகைய தாழ்ப்பாள் கடையில் கிடைக்கிறது. அன்று வேலை முடிந்து கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக் கதவுச் சட்டத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார். அம்மாவிடம் நாங்கள் அதைச் சொல்லவில்லை. அவர் நாளும் தாழிட்டுக்கொண்டுதான் குளிக்கிறார்.