காயில் சுற்றும் பிள்ளைகள்

பையைக் கவிழ்த்ததும் மேசையில் விழுந்தவை: பேட்டரிக் கட்டைகள், ஊக்குகள், சைக்கிள் டியூபை நறுக்கிய ரப்பர் வளையங்கள், பழைய ஸ்பீக்கரிலிருந்து பெயர்த்த காந்தங்கள், எனாமல் கம்பி, உப்புத்தாள். கொட்டாம்பட்டிப் பக்கத்து அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் அன்றைக்கு மோட்டார் செய்யும் பாடம்.

ஸ்கூட்டரில் வந்திருந்த இளம்பெண், வானவில் மன்றத்தின் கருத்தாளர். 2022 நவம்பர் 28-இல் திருச்சி காட்டூரில் தொடங்கிய திட்டம் இது. ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியலையும் கணிதத்தையும் செய்து பார்த்துக் கற்பதற்காக, 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கு இவரைப் போன்றவர்கள் போய்வருகிறார்கள்.

பேட்டரிமேலேயே கம்பியைப் பத்துச் சுற்று சுற்றிக் கழற்றி, இரு முனைகளையும் எதிரெதிரே நீட்டிவிட்டால் காயில் தயார். பேட்டரியின் இரு தலையிலும் ஊக்குகளை ரப்பரால் இறுக்கி, அவற்றின் வளையங்களில் காயிலைத் தொட்டில்போல் மாட்ட வேண்டும். அடியில் காந்தம்.

பெரும்பாலான காயில்கள் சுற்றவில்லை. முன்னும் பின்னும் ஆடிவிட்டு நின்றன. பிள்ளைகள் இரண்டு முனைகளிலும், கரண்டைத் தடுக்கும் எனாமலை முழுக்கச் சுரண்டியிருந்தார்கள். கருத்தாளர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எதையும் தொடவில்லை. "எந்த இடத்துக்கு வந்ததும் திரும்பிப் போகுது? நல்லாப் பாருங்கப்பா" என்றார். அந்தப் பொறுமைதான் இந்தத் தொழிலின் கடினமான பகுதி என்று எனக்குப் பட்டது. மணி அடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. விடையைச் செய்து காட்டிவிட யாருக்கும் கை பரபரக்கும்.

அரைச் சுற்று வரைக்கும் தள்ளுது, அப்புறம் திருப்பி இழுக்குது என்று ஒரு பையன் கண்டுபிடித்தான். அப்படியானால் இழுக்கிற நேரத்தில் கரண்ட் போகாமல் செய்ய முடியுமா? புதிதாக ஒரு காயில் சுற்றி, ஒரு முனையை முழுக்கச் சுரண்டினார்கள்; காயிலை நிமிர்த்திப் பிடித்து, மறுமுனையில் மேல்பாதி எனாமலை மட்டும் சுரண்டினார்கள். மீதி அரைச் சுற்றைக் காயில் தன் வேகத்திலேயே கடந்துவிடும். விரலால் லேசாகத் தட்டியதும் விறுவிறுவென்று சுற்றியது. மோட்டாரில் பிளவு வளையம் எதற்கு என்று பிறகு பாடநூலில் படிக்கும்போது, அந்தக் கேள்வி இவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமாகியிருக்கும்.

இப்படிப்பட்ட மோட்டாரை நாடெங்கும் வகுப்பறைகளுக்குக் கொண்டுபோனவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர். 1978-இல் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்குப் போனார். தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கமும் அதன் 'துளிர்' இதழும் 1980-களிலேயே அந்த வழியில் நடந்தன.

மீதிக் கம்பியைப் பள்ளியிலேயே விட்டுச் செல்ல முடிவு செய்தார் கருத்தாளர். நல்ல முடிவு, மறுநாளும் பிள்ளைகள் சுற்றிப் பார்க்கலாம்.

கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுபவரின் மகள் எழுந்தாள். "எங்கப்பா இப்படி ஒரு பக்கம் மட்டும் சொரண்ட மாட்டாரே, டீச்சர்?"

"அதுல இந்த மாதிரி காந்தமே கெடையாதும்மா. மூணு பேஸ் கரண்ட், காந்தப் புலத்தையே சுத்த வைக்குது. எரிஞ்சுபோன மோட்டார் ஒண்ணு அப்பாட்டக் கேட்டு வை. அடுத்த தடவை பிரிச்சுப் பாப்போம்."

எங்க வீட்டிலும் ஒன்று கிடக்கிறது என்று மூன்று பேர் கை தூக்கினார்கள்.