நிறுத்தத் தெரிந்தவர்கள்

கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, ஒரு சுற்றுக்குச் சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடம். 2003இல் திறக்கப்பட்டது. பந்தயக் கார்களை இந்த மண்ணிலேயே வடிவமைத்துக் கட்டிய எஸ். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். அவர் நினைவாக வந்த பெயர் அது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் வளர்ந்ததும் கோவையில்தான். இந்த ஊரில் கார் என்று பேச்செடுத்தால் என்ஜின், குதிரைத்திறன், சுற்று நேரம் என்று பேச்சு நீளும். அந்த வேகத்தை ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் இறக்குகிற பிரேக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அதை வார்ப்பவர்களையும் மாட்டுபவர்களையும் நேரில் பார்த்து எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. அந்த ஆசை என்னை முதலில் ஒரு பவுண்டரிக்கும், அடுத்து ஒரு வீட்டின் கார் நிறுத்துமிடத்துக்கும் அழைத்துச் சென்றது.

பவுண்டரி ஊருக்குக் கிழக்கே, ஒரு தென்னந்தோப்பைத் தாண்டி இருந்தது. பம்புசெட்டுக்கும் மோட்டாருக்கும் இரும்பு வார்த்துப் பழகிய ஊர் கோவை. அந்தப் பழக்கம் கார் பாகங்களுக்கும் கைகொடுத்தது. சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க் பெரும்பாலும் சாம்பல் வார்ப்பிரும்பில்தான் செய்யப்படுகிறது. அதில் மூன்று சதவீதத்துக்கு மேல் கார்பன். அந்தக் கார்பனில் பெரும்பகுதி இரும்புக்குள் மெல்லிய கிராஃபைட் செதில்களாகப் படிந்திருக்கும். செதில்கள் சூட்டை வேகமாகக் கடத்தும், அதிர்வை அடக்கும். எஃகைப் போல இழுவிசையைத் தாங்காத இந்த இரும்பு, பிரேக்குக்குப் பொருந்திப்போவது இந்த இரண்டு குணங்களால்தான்.

மோல்டிங் பகுதியில் ஒரு பெரியவர் மணலை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்தார். பிறகு இரண்டாக உடைத்து, உடைந்த முனையைப் பார்த்தார். முனை உதிராமல் நின்றால் ஈரமும் களிமண்ணும் சரியாக இருக்கின்றன என்று பொருள். மணலைச் சோதிக்க அங்கே கருவியும் இருக்கிறது. கருவி அளந்து சொல்வதற்குள் அவர் கை சொல்லிவிடுகிறது. ஈரம் கூடினால் உருக்கிய இரும்பு பட்டதும் ஆவி கிளம்பி வார்ப்பில் துளை விழும். குறைந்தால் அச்சு உதிரும்.

அடுத்த மேசையில் பெண்கள் கோர் செய்துகொண்டிருந்தார்கள். முன்சக்கர டிஸ்க் பெரும்பாலும் ஒரே தகடாக இருக்காது. இரண்டு தகடுகளுக்கு நடுவே துடுப்புகள் நிற்கும். சக்கரம் சுழலச் சுழல அந்த இடைவெளி வழியாக நடுவிலிருந்து விளிம்புக்குக் காற்று பாயும். அந்த வெற்றிடத்தை உண்டாக்குவதுதான் மணலால் செய்த கோர். அது அச்சுக்குள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒரு தகடு தடித்து மறுதகடு மெலியும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சூடேறும். வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் அது தெரியாது. கோரின் ஓரத்தை விரலால் தடவிப் பிசிறெடுத்த அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.

மின்தூண்டல் உலையிலிருந்து 1,400 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில் இரும்பு கரண்டிக்கு வந்தது. அதில் ஃபெர்ரோசிலிக்கான் துகளைத் தூவினார்கள். செதில்கள் ஒழுங்காக உருவாக அது உதவும். தூவியபின் நேரம் கடத்தினால் அதன் பலன் மங்கிவிடும் என்பதால் ஊற்றுகிறவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறிய வார்ப்பை மணலிலிருந்து தட்டி எடுக்கும் இடத்தில் தூசு மண்டியது. அங்கே நின்ற இளைஞர் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். நுரையீரலைக் கெடுக்கிற சிலிக்கா துகள் துண்டுக்கு அடங்காது. அதற்கென உள்ள சுவாசக் கவசமும் தூசு உறிஞ்சும் இயந்திரமும் வேண்டும். சிலிகோசிஸ் வந்த நுரையீரல் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பாது. நம் உயிரைக் காக்கிற பொருளைச் செய்கிறவர் மூச்சுக்குப் பாதுகாப்புக் கேட்பது சலுகை அல்ல.

*

பீளமேட்டுக்கு அருகில் ஒரு வீடு. போர்டிகோவில் இரண்டு இருக்கைகள் கொண்ட பிஎம்டபிள்யூ இசட்4 நின்றது. உரிமையாளர் ஆலை இயந்திரங்களுக்கு மின்னணுக் கட்டுப்பாடு அமைக்கும் பொறியாளர், முப்பதைத் தாண்டிய பெண். தடத்தில் ஓட்டப் பழகுகிறார். அங்கே ஒருநாள் பிரேக் சரியாகப் பிடிக்காமல் போனதால் அதை மேம்படுத்த நினைத்தார். அந்த வேலையைத் தன் வீட்டிலேயே, தன் கையாலேயே செய்ய விரும்பினார். வழிகாட்ட ஒரு மெக்கானிக்கை அழைத்திருந்தார். இளம் வயதில் பந்தயக் கார் பட்டறைகளில் தொழில் கற்றவர் அவர். இப்போது அறுபதை நெருங்குகிறார்.

வந்ததும் அவர் ஸ்பானரைத் தொடவில்லை. கேள்வி கேட்டார்.

"அம்மிணி, மிதி அப்படியே கீழ போச்சா? இல்ல, மிதி கெட்டியா இருந்தும் வண்டி நிக்காம ஓடுச்சா?"

"மொதல்ல கெட்டியாத்தான் இருந்துச்சுங்ணா, ஆனா புடிக்கல. அடுத்த சுத்துல மிதி பாதிக்கு மேல உள்ள போயிருச்சு."

"அப்ப ரெண்டும் நடந்திருக்குது."

அந்தக் கேள்விக்குள்ளேயே பாதி வைத்தியம் இருந்தது. மிதி கெட்டியாக இருந்தும் பிடிப்பு குறைந்தால், டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வுகிற பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. மிதி உள்ளே போனால், பிரேக் ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி நிற்கிறது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். காலின் விசையெல்லாம் ஆவியைச் சுருக்குவதிலேயே போய்விடும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அதற்கு விதித்த கொதிநிலை 155தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

மேம்படுத்துவது என்றால் என்ன என்பதை மெக்கானிக் ஒரே வரியில் சொன்னார்: "சூடு எங்க போகுதுன்னு பாருங்க, அவ்வளவுதான்." அந்த வரியை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 580 கிலோஜூல் ஆற்றல் சூடாக மாறுகிறது. 30 டிகிரியில் இருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். அது மூன்று நான்கு நொடியில் நடந்துவிடுகிறது. 140இல் வந்தால் சூடு இரு மடங்கு. பாரம் முன்னால் சாய்வதால் ஏறக்குறைய எழுபது சதவீத வேலை முன்சக்கரங்களுக்கு. டிஸ்க் ஒன்று ஒன்பது கிலோ என்று வைத்தால், ஒரே ஒரு நிறுத்தலில் அது 45 டிகிரி ஏறும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். பந்தயத் தடத்தில் டிஸ்க் நானூறு, ஐந்நூறு டிகிரியைத் தொடுவது இப்படித்தான்.

பழைய டிரம் பிரேக்கில் இந்தச் சூடு மூடிய கிண்ணத்துக்குள் அடைபட்டுக் கிடந்தது. 1953இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் வென்ற பிறகு, காற்றில் திறந்து சுழலும் டிஸ்க்கின் அருமை உலகுக்குப் புரிந்தது.

அம்மிணிக்கு முதலில் துளையிட்ட டிஸ்க் வாங்க ஆசை. பார்க்க அழகாக இருக்கும். மெக்கானிக் தடுத்தார். துளை போட்டால் சூட்டை வாங்கி வைக்கிற இரும்பின் எடை குறைகிறது. சூடேறி ஆறும்போது விரிசல் துளையின் ஓரத்தில்தான் தொடங்கும். கோடு வெட்டிய டிஸ்க் பேட்டின் மேற்பரப்பைத் துடைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் பேட் சற்று வேகமாகத் தேயும். இறுதியில் தேர்வானது துடுப்புகள் நன்றாக அமைந்த, அதே அளவுள்ள கோடு வெட்டிய டிஸ்க். பேட்டிலும் அதே நிதானம். முழுப் பந்தயப் பேட் சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் அவிநாசி சாலையில் முதல் சிக்னலில் அது குளிர்ந்து கிடக்கும். வீட்டிலிருந்து தடத்துக்கும் தடத்திலிருந்து வீட்டுக்கும் அதே பேட்டில் வர வேண்டும் என்பதால் இடைப்பட்ட வகையை எடுத்தார்கள்.

வேலை தொடங்கியது. சக்கரம் தரையில் இருக்கும்போதே போல்ட்டுகளைத் தளர்த்தினார்கள். ஜாக்கியில் தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டில் இறக்கினார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கை நீட்டக் கூடாது என்பதில் மெக்கானிக் கண்டிப்பானவர். பேட்டைத் தாங்கும் காலிப்பரைக் கழற்றியதும் அதை ரப்பர் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டினார். பேட் தூசை ஊதித் தள்ள உதவிக்கு வந்த பையன் கம்ப்ரசரை எடுத்தான். "ஊதாத, கண்ணு" என்று அதை வாங்கி வைத்துவிட்டு, கிளீனரைத் தெளித்துத் துணியால் துடைத்தார். பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் பரவலாக இருந்த காலத்தில், ஊதித் தள்ளியே வேலை செய்தவர்களோடு வளர்ந்தவர் அவர். இன்றைய பேட்டில் பெரும்பாலும் அது இல்லாவிட்டாலும் உலோகத் துகள் நுரையீரலுக்கு நல்லதல்ல.

பழைய டிஸ்க் வெளியே வந்ததும், அது பொருந்தி நிற்கும் ஹப்பின் முகத்தில் துரு தெரிந்தது. புது டிஸ்க்கை உடனே மாட்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அவர் வயர் பிரஷ், பிறகு உப்புத்தாள், பிறகு துணி என்று அரைமணிக்கும் மேலாக அந்த உள்ளங்கை அகல இரும்பையே தேய்த்துக்கொண்டிருந்தார். மாட்டி, இரண்டு போல்ட்டால் இறுக்கி, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை வைத்து டிஸ்க்கைச் சுற்றினார். முள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டி ஆடியது. நூற்றில் ஐந்து பங்குக்குள், அதாவது 0.05 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும் என்றார். மறுபடி கழற்றினார். ஸ்க்ரூ துளையின் விளிம்பில் ஒரு துருப் பொடி ஒட்டியிருந்தது. தேய்த்து மாட்டியதும் முள் 0.03க்கு அடங்கியது.

பிரேக் போடும்போது ஸ்டியரிங் நடுங்கினால் "டிஸ்க் வளைஞ்சு போச்சு" என்று எல்லாப் பட்டறையிலும் சொல்வார்கள். உண்மையில் டிஸ்க் வளைவது அபூர்வம் என்பது இவர் அனுபவம். பொறியியலும் அதையே சொல்கிறது. ஹப்பில் இருந்த துருவால் டிஸ்க் இம்மியளவு சாய்ந்து சுழலும். ஒவ்வொரு சுற்றிலும் அதன் ஒரே இடம் பேட்டை உரசும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் தேயும், அல்லது பேட்டின் பொருள் அங்கே திட்டாகப் படியும். தடிமன் மாறுகிறது, நடுக்கம் வருகிறது. புது டிஸ்க்குக்குப் பணம் கொடுத்தும் நடுக்கம் திரும்பி வருவது, தேய்க்காமல் விட்ட அந்த அரைமணி நேரத்தால்தான்.

காலிப்பர் நகரும் பின்களை அம்மிணி கிரீஸில் தோய்க்கப் போனார். மெக்கானிக் கையேட்டைத் திறந்து காட்டினார். பல கார்களுக்குச் சிலிக்கான் கிரீஸ் வேண்டும். இந்த வண்டிக்குத் துடைத்து உலர்ந்தபடியே மாட்ட வேண்டும். பேட் தேய்வைச் சொல்லும் சென்சார் கம்பியைப் புதிதாகப் பொருத்தினார்கள். பின் பிரேக் குழாயிலிருந்து ஏர் எடுக்கும் வேலை. உள்ளே அமர்ந்து அம்மிணி மிதிக்க, அவர் நிப்பிளைத் திறந்து மூட, "மிதிங்க... புடிங்க... விடாதீங்க" என்ற குரல் தாளம் மாறாமல் வந்துகொண்டிருந்தது. பழுப்பு நிற ஆயில் போய்த் தெளிந்த ஆயில் வரும்வரை விடவில்லை. சக்கர போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் கையேடு சொன்ன அளவுக்கு முறுக்கினார்கள். வண்டியை நகர்த்தும் முன் மிதியைப் பலமுறை அழுத்தச் சொன்னார். பின்னே தள்ளிய பிஸ்டன் பேட்டைத் தொடும்வரை முதல் மிதி வெறுமனே உள்ளே போகும். அதை மறந்து ரிவர்ஸ் எடுத்தால் வண்டி கேட்டில்தான் நிற்கும்.

வேலை அங்கேயும் முடியவில்லை. தடத்தில் 100இலிருந்து 20 வரை இறக்குவதும், முழுக்க நிற்காமல் மறுபடி வேகமெடுப்பதுமாகப் பலமுறை செய்தார்கள். பேட்டின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராகப் படிந்தால்தான் முழுப் பிடிப்பு வரும். சூட்டோடு மிதியை அழுத்தி நின்றுவிட்டால் அந்த இடத்தில் மட்டும் திட்டு விழும். கடைசியில் பிரேக்கைத் தொடாமல் ஒரு சுற்று ஓட்டி ஆறவிட்டார்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் இல்லாதவருக்கும் இதில் பாடம் உண்டு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது மிதியை அழுத்திக்கொண்டே வருகிற சாதாரணக் காரும் இதே சூட்டைத்தான் சேர்க்கிறது. இரண்டாம் கியரில் இறங்குவதும், காலத்தில் பிரேக் ஆயிலை மாற்றுவதும் எந்த விலையுயர்ந்த டிஸ்க்கையும்விட முந்தி வர வேண்டிய மேம்பாடு. அதற்குப் பிறகு பேட், அதற்கும் பிறகு டிஸ்க்.

மேம்பாடு என்று நாம் பணம் கொடுப்பது பெட்டியில் வரும் பாகத்துக்கு. பெட்டியின் விலையில் யாரும் பேரம் பேசுவதில்லை. ஹப்பைத் தேய்த்த அரைமணி, முள் அடங்காததால் மறுபடி கழற்றிய நேரம், ஆறவிட்ட கடைசிச் சுற்று ஆகியவற்றைக் கூலியாகக் கேட்டால்தான் "இதுக்கு இவ்வளவா?" என்கிறோம். அந்தக் கேள்விக்குப் பயந்தே பல பட்டறைகளில் டயல் கேஜ் பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை. மணலைக் கையில் உடைத்துப் பார்க்கிறவருக்கும் துருவைத் தேய்த்துக்கொண்டிருக்கிறவருக்கும் நேரத்துக்கு உரிய கூலி கொடுக்கிற ஊரில் பிரேக் தானாகவே நன்றாக இருக்கும். அடுத்த முறை உங்கள் வண்டிக்குப் பேட் மாற்றும்போது, ஹப்பைச் சுத்தம் செய்து அளந்து மாட்டச் சொல்லுங்கள். அதற்கான நேரத்துக்குக் கேட்கிற கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.