அம்மாவின் கறிவேப்பிலைத் தொட்டி

உரத்தைப் பற்றி உங்களுக்கு நான் என்ன சொல்லித்தருவது? வாளியைச் சுமந்து நிரை நிரையாக உரம் போட்டவர்கள் நீங்கள். ஆனாலும் நான் செய்த அசட்டுத்தனத்தைக் கேளுங்கள்.

நாங்கள் இருப்பது சிங்கப்பூர் பூன் லேயில், அடுக்குமாடி வீட்டில். சியூ பூன் லே என்ற சீன வணிகரின் பெயர்தான் இந்த இடத்துக்கு. ஒரு காலத்தில் அவருக்கு இந்தப் பக்கம் ரப்பர் தோட்டம் இருந்ததாம். அதைச் சொன்னதும், ஜொகூரில் முப்பது வருடம் தோட்ட வேலை பார்த்த அம்மா, "அப்ப இதுவும் நம்ம ஊருதான்" என்றாள். அப்பா போனபின் இங்கே வந்தவள் அதற்குமேல் அதிகம் பேசவில்லை. தேக்காவில் வாங்கிய கறிவேப்பிலைக் கன்றுதான் அவளுக்குத் துணை.

கன்று வெளுத்தது. அம்மாவைச் சந்தோஷப்படுத்தலாம் என்று ஒரு மாலை, ஒரு லிட்டர் தண்ணீரில் நாலு கைப்பிடி யூரியாவைக் கொட்டிக் கலக்கினேன். நம்புவீர்களா, பாத்திரம் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் சில்லிட்டது! கரையும்போது யூரியா தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு கிலோ யூரியாவைக் கரைத்துக்கொண்டும் தெளிவாகவே நிற்கும். அந்தத் தெளிவில் ஏமாந்து, முழுவதையும் தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

விடிந்தபோது இலைகள் துவண்டு கிடந்தன. பாத்திரத்தின் விளிம்பில் காய்ந்திருந்த வெள்ளைப் பொடியை அம்மா விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஏம்பா, யூரியாவா ஊத்தினே? தொட்டியைத் தூக்கு. இன்னிக்கே கழுவணும்."

குளியலறையில் வைத்து வாளி வாளியாகத் தண்ணீர் விட்டாள். தட்டில் நீர் தேங்கினால் கொசுவுக்கு அபராதம் கட்டவேண்டிய ஊர் இது! உரம் போட்ட அன்றே பெருமழை கொட்டினால் அத்தனையும் கால்வாயோடு போய்விடும் என்பது அவள் தோட்டத்தில் கண்ட பாடம். அதையே இங்கே மருந்தாக்கினாள்.

காரணத்தை நான் பிறகுதான் படித்தேன். உரம் மிஞ்சிய நீர், வேரிலிருக்கும் தண்ணீரையே வெளியே இழுத்துவிடும். யூரியாவை மண் பிடித்து வைப்பதில்லை. அதனால் உடனே கழுவினால் போய்விடும். சில நாள் விட்டாலோ, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களின் நொதி அதை அம்மோனியாவாக்கிவிடும். அதில் ஒரு பகுதி காற்றில் போகும், ஒரு பகுதி மண்ணில் ஒட்டிக்கொண்டு வேரைச் சுடும். நூறு பங்கு யூரியாவில் 46 பங்கு நைட்ரஜன், சும்மாவா? ஐந்து லிட்டருக்கு ஒரு தேக்கரண்டியே தொட்டிச் செடிக்குப் போதும்.

நம் சிறுநீரில் இருப்பதும் இதே யூரியாதான், 1828இல் வோலர் என்ற ஜெர்மானியர் அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்துகாட்டினார் என்றேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாளாயிற்று.

இலைகளில் பாதி உதிர்ந்தன. மூன்றாம் வாரம் அடித்தண்டில் சிவந்த துளிர் ஒன்று எட்டிப்பார்த்தது. அம்மா பக்கத்து வீட்டு மலாய் மூதாட்டியை அழைத்துக் காட்டி, தனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில் அரைமணி நேரம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கதையில் நான்தான் முட்டாள். வேலைக்கு நேரமாகியும் வாசலிலேயே நின்று கேட்டேன்.