தேதிக்கு அந்தப் பக்கம் பிறந்தவர்கள்

திருச்சி காட்டூரிலிருந்து தஞ்சாவூர் ரோட்டில் கிழக்கே போனால் துவாக்குடிப் பக்கம் வாழவந்தான்கோட்டை இலங்கைத் தமிழர் முகாம். தென்மேற்கே ஏர்போர்ட்டை ஒட்டிக் கொட்டப்பட்டு முகாம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் பகுதியில் பல வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தது இந்த முகாம்களின் ஆட்கள்தான். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாரத்தில் நின்ற ஒருவருக்குப் போன் வந்தது. "ஓமம்மா, பொழுதுபடமுன்னம் வந்திடுவன்" என்று பேசி வைத்தவர், கீழே நின்ற என்னிடம் "அண்ணே, கொஞ்சம் தண்ணி குடுங்கண்ணே" என்றார். காண்ட்ராக்டர் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாளைக்கு வேலை இல்லீங்க சார். பசங்களுக்குச் செக்கிங்."

*

செக்கிங் என்றால், வருவாய்த் துறை அலுவலர் பதிவேட்டோடு முகாமுக்கு வரும் நாள். குடும்பத்தில் உள்ளவர்கள் நேரில் வந்து அட்டையைக் காட்டி ஆஜர் கொடுக்க வேண்டும். மாத உதவித்தொகை அதை வைத்துத்தான். 2021-இல் உயர்த்திய பிறகு குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எல்லாரும் ஓடி வருவது இந்தப் பணத்துக்காக மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பதிவேட்டில் பெயர் விட்டுப்போனால் இந்த நாட்டில் இருப்பதற்கே கையில் ஆதாரம் இல்லை.

2016 மார்ச்சில் மதுரை மாவட்டம் உச்சப்பட்டி முகாமில், உடம்பு சரியில்லாத மகனின் பெயரைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று எழுந்த வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு தகப்பன் உயிரை விட்டார். குடியேற்றச் சட்டம் என்றதும் நமக்கு எல்லைக் காவலும் விமானநிலைய கவுண்டரும்தான் கண்ணில் வருகின்றன. இங்கே அது ஒரு பேரேட்டையும் பேனாவையும் கொண்டு நாற்பது வருஷமாக நடக்கிறது.

*

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அலை அலையாக மூன்று லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். திரும்பிப் போனவர்கள் போக, முகாம்களில் இன்றும் அரை லட்சத்துக்கு மேல். வெளிப்பதிவில், அதாவது வாடகை வீட்டில் இருந்துகொண்டு போலீஸ் ஸ்டேஷனில் பதிந்தவர்கள் தனி. அகதிகளுக்கென்று இந்தியாவில் சட்டம் கிடையாது. 1951-இன் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையிலும் நாம் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே சட்டத்தின் கண்ணுக்கு இவர்கள் எல்லாரும் வெளிநாட்டவர்.

இதில் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர். திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களின் வாரிசுகள். 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இவர்களைத் தலை எண்ணி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கு போட்டது. பாட்டன் பிறந்த ஜில்லாவிலேயே முகாம் வாழ்க்கை வாழ்கிற குடும்பங்களும் இவர்களில் உண்டு. குடியுரிமை கேட்டு இவர்களில் 65 பேர் போட்ட வழக்கில், 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், விண்ணப்பங்களைப் பரிசீலித்து முடிவெடுக்கும்படி உத்தரவிட்டார். அந்த வருஷம் டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை.

*

ஒரு தாய்க்கு முகாமில் 1986-இல் ஒரு பிள்ளை, 1988-இல் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். மூத்தது இந்தியக் குடிமகன். இளையது அந்நியர். 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர்களிடம் அப்பா அம்மா யார் என்று சட்டம் கேட்பதில்லை. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும்.

மூத்த பிள்ளைக்கும் அந்த உரிமை தானாகக் கைக்கு வரவில்லை. கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண், 1986-இல் மண்டபத்தில் பிறந்தவர், பாஸ்போர்ட் கேட்டு மதுரைக் கிளைக்குப் போனார். 2022 ஆகஸ்டில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2024 ஏப்ரல் மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். பிறந்த அன்றே சட்டப்படி சொந்தமான ஒன்றை வாங்க முப்பத்தாறு வருஷமும் ஒரு வழக்கும்!

*

உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பது தப்பு. நம் பையன்கள் முகாமில் பெண் எடுத்திருக்கிறார்கள், முகாமுக்குப் பெண் கொடுத்தவர்களும் உண்டு. 2004 டிசம்பர் 3 முதல் பிறக்கும் பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற கணக்கில் வந்தால் பிறப்பால் குடியுரிமை கிடையாது. முகாமிலிருந்து வந்த மனைவி எத்தனை வருஷம் இங்கே குடித்தனம் நடத்தினாலும் குடியுரிமைக்குப் பதிவு செய்ய அதே சொல் குறுக்கே நிற்கிறது. குண்டுக்குப் பயந்து ராமேஸ்வரத்தில் படகிலிருந்து இறங்கிய குழந்தையும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

*

வெளிநாட்டவர் என்ற கணக்கில் அடைத்து வைக்க வேறொரு முகாமும் உண்டு: திருச்சி மத்திய சிறை வளாகத்துக்குள் இருக்கிறது சிறப்பு முகாம். வழக்கில் ஜாமீன் கிடைத்த வெளிநாட்டவரையும், தண்டனை முடிந்தவரையும் 1946-இன் வெளிநாட்டவர் சட்டத்தைக் காட்டி அங்கே வைத்தார்கள். கைதி என்று பெயரில்லை, வெளியே போகவும் முடியாது. விடுதலைத் தேதியும் இல்லாததால் அங்கே உண்ணாவிரதம் திரும்பத் திரும்ப நடந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்த இலங்கைத் தமிழர் சாந்தன் நேரே இங்கேதான் வந்தார். தாயைப் பார்க்க ஊருக்குப் போகக் காத்திருந்து, 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். அவர் வழக்கைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், நீதிமன்றம் விட்ட ஆளை அதிகாரிகளின் உத்தரவால் அடைத்து வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

*

2021-இல் தமிழக அரசு அகதி முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது, 7,469 வீடுகள் கட்டித்தர அறிவித்தது. நல்ல காரியம், குறைசொல்ல மாட்டேன். ஆனால் குடியுரிமை டெல்லியின் கையில் இருக்கிறது.

*

2025 செப்டம்பர் 1 முதல் பழைய சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம். அதோடு வந்த விலக்கு ஆணைப்படி, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது.

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேச விவகாரத்தை நினைத்துப் பார்க்கிறேன். பாகிஸ்தானிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த சிறுபான்மையினருக்கு 2015-இல் இதே மாதிரி விலக்குத்தான் முதலில் வந்தது. பிறகு ஆப்கானியரையும் சேர்த்தார்கள். 2019 திருத்தம் அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டே ‘இவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள் அல்லர்’ என்று எழுதியது. நம் ஆட்களுக்கு முதல் படி இப்போது கிடைத்துவிட்டது. அடுத்த படிக்கு நாடாளுமன்றத்தில் ஒரு வரித் திருத்தம் போதும். திருச்சி எம்.பி. யாராக இருந்தாலும் அதைக் கேட்க வேண்டும். நாம் அவரைக் கேட்க வேண்டும்.

*

உடனே செய்யக்கூடியது: 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள் முகாம்களில் இன்னும் இருக்கலாம். பிறப்புச் சான்றிதழ்தான் அவர்களுக்கு எல்லாம். மண்டபத்திலோ வேறு ஊரிலோ பிறப்புப் பதிவேட்டை, ஆஸ்பத்திரிப் பதிவைத் தேடி எடுக்க வழி தெரிந்தவர்கள் கூடப் போக வேண்டும். காட்டூரில் ரிட்டயர்டு வி.ஏ.ஓ.க்கள் இருக்கிறார்கள், வக்கீல்களும் இருக்கிறார்கள்.