தோளுக்கேற்ற துப்பாக்கி

யானையை வீழ்த்த எத்தகைய துப்பாக்கி வேண்டும்? மிகப் பெரிய துப்பாக்கி என்றே எவரும் விடை பகர்வர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்கக் காடுகளில் திரிந்த ஐரோப்பிய வேட்டைக்காரர் பலரும் அவ்வாறே எண்ணினர். .577 என்னும் இரட்டைக்குழல் துப்பாக்கியைச் சிலர் நாடினர். அதன் குண்டு மட்டுமே ஏறத்தாழ 49 கிராம் எடையுள்ளது.

ஸ்காட்லாந்தில் பிறந்த வால்டர் பெல் (1880–1954) வேறு வழி கண்டார். அவர் வீழ்த்திய யானைகள் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு அவர் பயன்படுத்தியது 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு துப்பாக்கியே. குண்டின் எடை ஏறத்தாழ 11 கிராம். யானையின் மண்டையோட்டை நெடுக அறுத்து மூளையின் இருப்பிடத்தை அவர் ஆராய்ந்தார். யானையின் தலை பெரிது. மூளையோ தேனடை போன்ற எலும்பினுள் பின்புறம் ஒடுங்கிக் கிடப்பது. வன்மையான உலோக உறையிட்ட நீண்ட குண்டு, சிதையாமலும் வழிதவறாமலும் அவ்விடத்தை எட்டியது.

பெருந்துப்பாக்கியின் குறை அதன் பின்னுதைப்பு. தோளில் விழப்போகும் இடியை எண்ணி அஞ்சுபவன், விசையை இழுக்குமுன்னரே கண்ணை மூடிக்கொள்கிறான், குறி தவறுகிறது. தாங்கவொண்ணா ஆற்றல் ஆற்றலாகாது.

எனினும், பெல்லின் வழி எல்லார்க்கும் உரியதன்று. அவருடைய கண்ணும் கையும் பொறுமையும் இல்லாதவனுக்குச் சிறுகுண்டு பெருங்கேடே விளைவிக்கும். ஆகவேதான், கொடிய பெருவிலங்குகளை வேட்டையாட .375க்குக் குறையாத துப்பாக்கியே வேண்டும் என ஆப்பிரிக்க நாடுகள் பல பின்னாளில் வரையறுத்தன. 1912இல் இலண்டனில் உருவான .375 மாக்னம், ஏறத்தாழ 19 கிராம் குண்டை எய்வது. எலும்பைத் துளைக்கும் வலிமையும் தோள் தாங்கும் அளவும் ஒருங்கே கொண்டது. குண்டின் வகையும் கருதத்தக்கது. மென்தோல் விலங்கிற்கு உள்ளே சென்று விரியும் குண்டும், யானைக்கு விரியாத திண்குண்டும் வேண்டும்.

யானையைத் தவறவிட்ட வேலையும் வள்ளுவர் போற்றினார். அது போர்க்களத்து வீரத்திற்குப் பொருந்தும், வேட்டைக்குப் பொருந்துமா? இந்தியாவின் குமாவூன் மலைப்பகுதியில் இதற்கு விடையுண்டு. 1907இல் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்திய சம்பாவத் பெண்புலி, 436 மனிதரைக் கொன்றதாகக் கூறப்படுகிறது. அதன் வாயின் வலப்புறத்து மேல், கீழ்க் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. எப்பொழுதோ எவனோ சுட்ட குண்டின் வேலை அது. இயல்பான இரையைக் கொல்ல இயலாமற்போகவே, அப்புலி மனிதரை நாடியது என்பது கார்பெட்டின் முடிவு. சுட்டவன் பெயரை யாரும் அறியார். அவன் பிழைக்கு விலை தந்தோர், விறகும் புல்லும் சேர்க்கச் சென்ற மலைநாட்டு எளியோர்.

அப்புலியைக் கொன்றமைக்காக, ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் கார்பெட்டுக்கு ஒரு துப்பாக்கியைப் பரிசளித்தார். அதுவும் பெல் விரும்பிய அதே 7 மில்லிமீட்டர் விட்டமுடையதே! பின்னாளில் கார்பெட் துப்பாக்கியினும் நிழற்படக் கருவியையே மிகுதியும் விரும்பினார். 1936இல் அமைந்த தேசியப் பூங்கா, பிற்காலத்தில் அவர் பெயரையே பெற்றது.

விலங்கின் உடலமைப்பு, குண்டின் தன்மை, சுடுவோனின் தோள்வலிமை ஆகிய மூன்றும் பொருந்தியதே தக்க துப்பாக்கி. அம்மூன்றும் பொருந்தாதபோது விசையிலிருந்து விரலை எடுத்துவிடுவதே வேட்டைக்காரனுக்கு அறம்.