பொறி சொன்ன பொய்

பொறி என்னும் சொல்லுக்குத் தமிழிலே பொருள் பல. இயந்திரத்தையும் பொறி என்போம். கண், காது முதலிய புலன் வாயில்களையும் பொறி என்போம். இவ்விரு பொருளையும் வகுப்பறையிற் பலமுறை விளக்கியிருக்கின்றோம். ஆயினும், இயந்திரமாகிய பொறிக்குள்ளும் புலன்களாகிய பொறிகள் உண்டென்பதையும், அவை பொய்த்தால் விளைவது யாதென்பதையும் யாம் அறிந்தது 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே, இலண்டன் மாநகரில், ஒரு பழைய மோட்டார் வண்டியின் அருகே நின்றபோதுதான்.

இக்கல்லூரியில் எம்முடன் ஒரே வாங்கில் இருந்து கற்ற நண்பர் ஒருவர் அங்கு வாழ்கின்றார். அவரது இல்லத்தில் மூன்று கிழமை விருந்தினராய்த் தங்கினோம். அவரிடம் 1991இல் செய்யப்பெற்ற விரைவு வண்டி ஒன்று உண்டு. இருவர் மாத்திரம் அமரத்தக்கது. கூரையை மடித்து வைக்கத்தக்கது. மாஸ்டா நிறுவனத்தார் 1989இல் வெளியிட்ட எம்.எக்ஸ்-5 என்னும் வகை. ஜப்பானில் அதற்கு யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர். 1.6 லீற்றர் எஞ்சின்.

யாம் சென்ற வேளையில் அவ்வண்டி நோயுற்றிருந்தது. சூடேறிய பின்பும் கரும்புகை கக்கியது, பெற்றோலைக் குடித்தது, நிற்கும்போது எஞ்சினின் ஓசை ஏறியும் இறங்கியும் தடுமாறியது. புகையிற் காபனோரொட்சைட்டு மிகுதியென்று ஆண்டுப் பரிசோதனையிலும் தேறவில்லை. "விற்றுப்போடுங்கோ" என்றார் நண்பரின் மனைவியார். நண்பருக்கோ மனம் வரவில்லை.

1990களில் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் கிடையாத நாள்களை எம் வயதினர் மறந்திரார். ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சேலைன் குழாய்வழியே சிறிது பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பிச் சூடேற்றிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். சூடு போதுமா என்பதை ஓட்டுநரின் காதும் மூக்குமே சொல்லும். நண்பரின் வண்டியில் அத்தொழிலைச் செய்வன உணரிகள் என்னும் சிறு கருவிகள். உட்செல்லும் காற்றை ஒன்று அளக்கும். வெளிவரும் புகையின் ஒட்சிசனை ஒன்று அறியும். நீரின் வெப்பத்தை மற்றொன்று உணரும். இவை சொல்வதைக் கேட்டே எஞ்சினை ஆளும் கணினி பெற்றோலை அளந்து விடுகின்றது. அதற்குத் தானாகக் காணும் கண் இல்லை.

உணரி ஒன்றே பழுதென்று துணிந்தோம், எதுவென்று ஆராய்ந்தோமில்லை. முதலில் ஒட்சிசன் உணரி ஒன்றைப் பாதி விலைக்குக் கிடைக்கின்றதென்று வாங்கினோம். பெட்டியில் அச்சிட்ட எழுத்திலேயே பிழை இருந்தது. பூட்டினோம், புகை குறையவில்லை. அடுத்து, உடைத்த வண்டியொன்றிற் கழற்றிய காற்றுமானியைப் பெருவிலை கொடுத்து வாங்கினோம், அதனாலும் பயனில்லை. நோய் நாடாது மருந்து வாங்கியோர் ஆனோம். எஞ்சினின் பக்கத்தில் நோயறியும் பெட்டி ஒன்று உண்டு. அதன் இரு முனைகளைக் கம்பியால் இணைத்து, விளக்கு எத்தனை முறை மினுங்குகின்றதென்று எண்ணினால், எவ்வுணரி பழுதென்று இலக்கம் கிடைக்கும். எண்ணினோம், ஓர் இலக்கமும் வரவில்லை. எல்லாம் நலமென்றே கணினி கூறிற்று.

பின்னரே நண்பர் பழுதுபார்க்கும் நூலை விரித்து, தடையளக்கும் மானியைக் கையில் எடுத்தார். நீர் வெப்ப உணரியின் தடை 20 பாகையில் 2.2 முதல் 2.7 கிலோ ஓம் வரை இருத்தல் வேண்டும். 80 பாகையில் ஏறத்தாழ 0.3 கிலோ ஓமாகக் குறைதல் வேண்டும். எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்க, ஓட்டுநர் முன்னுள்ள முள்ளும் நடுவில் நிற்க, உணரியின் இணைப்பைக் கழற்றி அளந்தோம். மானி 2 கிலோ ஓமுக்கு மேலே காட்டியது!

ஓட்டுநருக்குச் சொல்லும் உணரி வேறு, கணினிக்குச் சொல்லும் உணரி வேறு என்பது அப்போதுதான் விளங்கிற்று. முப்பது ஆண்டுகள் உழைத்து மூப்படைந்த இரண்டாவது உணரி, "எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கின்றது" என்று ஓயாது சொல்லியிருந்தது. கணினியும் அதனை நம்பிப் பெற்றோலை மிகையாக வார்த்தது.

"பிறகேன் மச்சான் விளக்கு மினுங்கேல்லை?" என்று வினவினோம்.

"வயர் அறுந்திருந்தால் நடக்க முடியாத கணக்கொண்டு வரும்; உடனே பிடிபடும். இது நம்பக்கூடிய பொய்" என்றார் நண்பர்.

புதிய உணரியை இலக்கம் பார்த்து உரிய விற்பனையாளரிடமே வாங்கினோம். முன் வாங்கிய இரண்டின் விலையிற் பத்திலொரு பங்கும் இல்லை. பூட்டுமுன் வெந்நீரில் அதன் நுனியை அமிழ்த்தித் தடை குறைகின்றதா என்று பார்த்துக்கொண்டோம். எஞ்சின் ஆறியபின் நீரிற் சிறிது வடித்து, கை நுழையாத பின்புற இடுக்கிற் பழையதைக் கழற்றி, புதியதை முதலிற் கையாலேயே திருகி, பின்பு அளவோடு இறுக்கினோம். அன்று மாலையே புகை அடங்கிற்று. அடுத்த கிழமை வண்டி பரிசோதனையிலும் தேறியது.

நண்பர் மகிழ்ந்தார். எமக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. நம்பக்கூடிய பொய் என்ற சொல் நெஞ்சில் தைத்துக் கிடந்தது.

2011இல் பத்தாம் தரத்து மாணவன் ஒருவன் மழைக்காலத்தைப் பற்றி அருமையான கட்டுரை ஒன்று எழுதித் தந்தான். "உது ரியூசன் மாஸ்ரர் எழுதிக் குடுத்தது சேர்" என்றான் வகுப்புத் தலைவன். நம்பினோம். நடக்க முடியாத செய்தியாயின் ஐயுற்றிருப்போம். அது நடக்கக் கூடியதாய் இருந்தது. வகுப்பின் முன் சுழியம் இட்டோம். அவன் ஒன்றும் பேசவில்லை. அதன்பின் கேட்ட அளவுக்கு மேல் ஒரு வரியும் எழுதியதில்லை. எம் முன்னிலையில் ஒரு பந்தி எழுதச் சொல்லியிருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும். கையில் இருந்த மானியை யாம் எடுக்கவேயில்லை.

ஊர் திரும்பியதும் அவரைத் தேடிச் சென்றோம். இப்போது ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். யாம் வந்த காரியத்தைச் சொல்லத் தொடங்குமுன்னரே, பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தவர் போல, "அது நான் எழுதினதுதான் சேர்" என்றார்.

"தெரியும் தம்பி. பிழை எங்களிலைதான்" என்றோம். வேறு சொல் வாயில் எழவில்லை. இப்போது எழுதுவதுண்டா என்று கேட்டோம். இல்லையெனத் தலையசைத்தார்.

உணரியை மாற்றினால் வண்டி அன்றே திருந்தும். மாணவர் உள்ளம் அத்தகையதன்று. அது முதல், ஒரு பிள்ளையைப் பற்றி எவர் எது சொன்னாலும், அப்பிள்ளையை அழைத்து எதிரே இருத்திக் கேட்ட பின்னரே முடிவு செய்கின்றோம்.

இம்மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு அவரையும் வேண்டியிருக்கின்றோம். "பார்ப்பம் சேர்" என்றார்.